கவுன்சலர்கள் சங்கத்துல பொறுப்புக்கு வர ஆசையா? மனு போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

'சங்கத்தின் புதிய செயற்குழுவுக்கு விருப்பமுள்ள உறுப்பினர்கள் மனு அளிக்கலாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.'

மனநல ஆலோசகர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால் என்ன நடக்கும்? நாலு பேர் கும்பிடு எமோஜி போடுவார்கள். 'சீனியர்ஸ் யாராவது முன்வந்தா நல்லா இருக்கும்' என்பார் ஒருவர். 'இளைஞர்கள்தான் வரணும்' என்பார் ஒரு சீனியர். நடுவில் யாரோ குட்மார்னிங் படம் அனுப்ப, மெசேஜ் மேலே போய்விடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், போன முறை இருந்த அதே ஏழு பேர் மறுபடியும் போட்டியின்றித் தேர்வு!

"அதனால என்னங்க? சங்கம்னா ஆண்டு விழா, பொன்னாடை, குரூப் போட்டோ. யார் இருந்தா என்ன?" என்று தோன்றுவது சகஜம்தான். ஆனால், 'கவுன்சலர்' என்று போர்டு மாட்ட யாருக்குத் தகுதி இருக்கிறது, தப்பு நடந்தால் கிளையன்ட் எங்கே போய்ப் புகார் சொல்வது, சட்டம் எழுதும்போது உங்கள் தொழிலுக்காக யார் பேசுவது... இதெல்லாம் பேசப்பட வேண்டிய இடம் அந்தச் செயற்குழுதான். நீங்கள் கவுன்சலிங் படித்து முடித்து வேலைக்கு வந்து சில வருஷம் ஆனவர் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. படித்துக்கொண்டிருப்பவர் என்றாலும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கம் நினைச்சா என்ன செய்ய முடியும்?

இதற்கு அமெரிக்காவின் கதையைப் பார்க்கலாம். ஏன் அமெரிக்கா? 'இதெல்லாம் ஒரு தொழிலா' என்ற நிலையிலிருந்து சட்ட அங்கீகாரம் வரை கவுன்சலிங் நடந்துவந்த பாதை அங்கே முழுசாகத் தெரிகிறது.

இன்று 'அமெரிக்கன் கவுன்சலிங் அசோசியேஷன்' என்று அழைக்கப்படும் அமைப்பு 1952-ல் வேறு பெயரில் தொடங்கியது. அப்போது அதில் பள்ளி, கல்லூரிகளில் வழிகாட்டும் வேலை பார்த்தவர்கள்தான் அதிகம். 1970-களில் சமுதாய மனநல மையங்களில் ஏராளமான கவுன்சலர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் டாக்டரும் இல்லை, உளவியலாளரும் இல்லை, பள்ளி கவுன்சலரும் இல்லை. எந்தச் சங்கத்திலும் அவர்களுக்கென்று ஓர் இடம் இல்லை.

1976-ல் புளோரிடா மாகாணத்தில் வேலை பார்த்த சிலர், 'நமக்குன்னு யாரும் அமைக்க மாட்டாங்க, நாமே அமைப்போம்' என்று இறங்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'அமெரிக்கன் மென்டல் ஹெல்த் கவுன்சலர்ஸ் அசோசியேஷன்'. இரண்டே வருஷத்தில், 1978-ல், தாய்ச் சங்கத்தின் ஒரு பிரிவாகச் சேர்ந்தது. 2019-ல் அதிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது.

அதே 1976-ல்தான் வர்ஜீனியா மாகாணம் கவுன்சலர்களுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாகாணமாகப் போய், மனு கொடுத்து, சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினார்கள். ஐம்பதாவது மாகாணமான கலிபோர்னியா சட்டம் இயற்றியது 2009-ல். முழுசாக 33 வருஷம்!

இன்னொரு போராட்டமும் இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், கவுன்சலர்களின் சேவைக்குப் பணம் தரவில்லை. உளவியலாளர்களுக்கும் கிளினிக்கல் சமூகப் பணியாளர்களுக்கும் 1989-லேயே கதவு திறந்துவிட்டது. கவுன்சலர்களுக்கு 2022 டிசம்பரில்தான் சட்டம் கையெழுத்தானது. 2024 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அதுவரை, பல வருஷம் பழகிய கவுன்சலரிடம் பேசிக்கொண்டிருந்த ஒருவர், மெடிகேருக்கு மாறிய பிறகு அவரிடமே போக வேண்டும் என்றால் கைக்காசைத்தான் போட வேண்டும்.

இந்த வேலையை இழுத்துக்கொண்டு போனவர்களில் பெரும்பாலானோர் பகலில் கிளையன்ட் பார்த்துவிட்டு, ராத்திரி கடிதம் எழுதியவர்கள். 1976-ல் ஆரம்பித்தவர்களில் யாரும் 2024 வரை பதவியில் இருக்கவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கினார். சங்கப் பொறுப்பு என்றால் அந்தத் தொடர் ஓட்டத்தில் ஒரு சுற்று ஓடுவது, அவ்வளவுதான்.

நம்ம ஊர் நிலவரம் என்ன?

நேராகச் சொன்னால், நாம் இப்போதுதான் அந்த ஓட்டத்தின் ஆரம்பக் கோட்டில் நிற்கிறோம்.

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக வேலை பார்க்க, 1992-ம் வருஷச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். ஆனால், பொதுவாக 'கவுன்சலர்' என்று சொல்லிக்கொள்ள அப்படி ஒரே ஒரு கதவு இல்லை. இரண்டு வருஷம் முதுகலை படித்தவரும் கவுன்சலர்தான், வார இறுதியில் சர்டிபிகேட் கோர்ஸ் முடித்தவரும் கவுன்சலர்தான். இன்ஸ்டாகிராம் பயோவில் இருவருக்கும் ஒரே வார்த்தை!

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. 'மனநலத் தொழில்முறையாளர்' யார் என்ற அதன் விளக்கத்தில் மனநல மருத்துவர், பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல செவிலியர், மனநல சமூகப் பணியாளர் எல்லாரும் வருகிறார்கள். சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் மேற்படிப்பு முடித்தவர்கள்கூட இருக்கிறார்கள். கவுன்சலர் என்ற பெயர் மட்டும் தனியாக இல்லை.

அடுத்து 2021-ல் வந்தது, துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். இதன் பட்டியலில் 'நடத்தைசார் சுகாதார அறிவியல்' என்று ஒரு பிரிவு. உளவியலாளர், சமூகப் பணியாளர்களோடு சில வகைக் கவுன்சலர்களின் பெயரும் இதில் இருக்கிறது. மாநில அளவில் கவுன்சில்கள், பதிவேடு, கல்வித் தகுதி எல்லாம் இந்தச் சட்டத்தின் வழியாக முடிவாக வேண்டியவை.

யோசிச்சுப் பாருங்க. எந்தப் படிப்பு செல்லும், எத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும், ஏற்கெனவே பத்து வருஷமாகத் தொழில் செய்பவரை என்ன செய்வது என்ற கேள்விகள் மேசைக்கு வரும்போது, தனியாளின் கடிதத்தைவிட ஒரு சங்கத்தின் தீர்மானத்துக்கு எடை அதிகம். அந்தத் தீர்மானத்தை எழுதுபவர்களில் கிராமத்துப் பள்ளியில் வேலை பார்ப்பவரோ, ஒப்பந்தச் சம்பளத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பவரோ இல்லை என்றால், அவர்களின் பிரச்னை அதில் எப்படி வரும்?

எந்தப் பொறுப்பு உங்களுக்குச் சரிப்படும்?

'லீடர்ஷிப்' என்றதும் எல்லார் கண்ணும் தலைவர் நாற்காலிக்குத்தான் போகும். ஆனால் சங்கத்தை ஓட்டுவது பெரும்பாலும் மற்ற நாற்காலிகள்.

• செயலாளர்: கூட்ட அறிவிப்பு, மினிட்ஸ், கடிதப் போக்குவரத்து எல்லாம் இவர் கையில். எழுதுவதும் ஞாபகமாகத் தொடர்வதும் பிடித்தவர்களுக்கு ஏற்றது. வேலை அதிகம், கைதட்டல் குறைவு.

• பொருளாளர்: சந்தா, ரசீது, வங்கிக் கணக்கு, ஆடிட்டர். கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது. 'இந்தச் செலவுக்கு பில் எங்க மேடம்?' என்று சீனியரிடமே கேட்கும் தைரியமும் வேண்டும்.

• செயற்குழு உறுப்பினர்: முதல் முறை வருபவர்களுக்கு நல்ல இடம். ஓட்டுப் போடும் உரிமை உண்டு, கற்றுக்கொள்ளவும் நேரம் கிடைக்கும்.

• துணைக் குழுக்கள்: பயிற்சி, உறுப்பினர் சேர்க்கை, நெறிமுறை, ஆண்டு மாநாடு எனப் பிரிந்து இருக்கும். பல சங்கங்களில் இதற்குத் தேர்தலே கிடையாது. 'நான் வர்றேன்' என்று சொன்னால் போதும்.

• தலைவர்: வெளியே சங்கத்தின் குரல். உள்ளே, சண்டையை மீட்டிங்குக்குள்ளேயே முடித்துவைக்கத் தெரிந்தவர்.

அமெரிக்கச் சங்கத்தில் தலைவராகத் தேர்வாகும் ஒருவர் முதல் வருஷம் 'அடுத்த தலைவர்', இரண்டாம் வருஷம் தலைவர், மூன்றாம் வருஷம் 'முன்னாள் தலைவர்' என மூன்று வருஷம் பொறுப்பில் இருக்கிறார். கற்றுக்கொள்ள ஒரு வருஷம், செய்ய ஒரு வருஷம், கற்றுக்கொடுக்க ஒரு வருஷம். நம் சங்கங்களும் இதை யோசிக்கலாம்.

பொதுவாக யாரும் நேராக உச்சிக்குப் போவதில்லை. 1975-76-ல் அந்தச் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரான தெல்மா டேலி, அதற்கு முன்பு பள்ளி கவுன்சலர்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். சின்ன இடத்தில் செய்து காட்டிய வேலைதான் பெரிய இடத்துக்கான சிபாரிசு.

மனு போடும் முன் 6 வேலைகள்

1. பைலாவைப் படிங்க. துணை விதிகள் என்கிற அந்தக் கையேட்டில்தான் யார் போட்டியிடலாம், யார் முன்மொழிய வேண்டும், கோரம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். கேட்டால் தர வேண்டும். 'அதெல்லாம் எதுக்குங்க' என்று மழுப்பினால், அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

2. அமைப்பு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்க. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்கீழ் பதிவாக, குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது, மறுபடி தேர்வாகலாம். அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால், முடிவெடுப்பது அறங்காவலர்கள். உறுப்பினர் ஓட்டுக்கு அங்கே இடமே இல்லாமலும் இருக்கலாம்.

3. உங்க உறுப்பினர் வகை என்ன? மாணவர், இணை உறுப்பினர் போன்ற வகைகளுக்குச் சில சங்கங்களில் ஓட்டுரிமை கிடையாது. சந்தா பாக்கி இருந்தால் மனு தள்ளுபடி ஆகலாம். முதலில் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்.

4. கடைசி இரண்டு வருஷக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் வாங்கிப் பாருங்க. பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது? விழாவுக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு? சங்கத்தின் மனசு எங்கே இருக்கிறது என்பதை இந்த இரண்டு தாள்கள் சொல்லிவிடும்.

5. இப்போது பொறுப்பில் இருக்கும் ஒருவரோடு ஒரு டீ சாப்பிடுங்க. 'வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போகுதுங்க? எது ரொம்பக் கஷ்டம்?' என்று கேளுங்க. மேடையில் சொல்லாததை டீக்கடையில் சொல்வார்கள்.

6. வீட்டில் பேசுங்க. பெரும்பாலும் இது சம்பளமில்லாத வேலை. வாரம் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்கூட, வருஷத்துக்கு 200 மணி நேரத்தைத் தாண்டும். அது கிளையன்ட் நேரத்திலிருந்து போகிறதா, தூக்கத்திலிருந்து போகிறதா, குழந்தையோடு இருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போகிறதா என்று முன்பே தெரிந்திருக்கணும். பகல் முழுக்க மற்றவர்களின் வலியைக் கேட்கும் வேலை இது. ஏற்கெனவே சோர்ந்து போயிருக்கிறீர்கள் என்றால், இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்வதில் தப்பே இல்லை.

அறிமுகக் குறிப்பு எப்படி எழுதுறது?

'சங்கத்தின் வளர்ச்சிக்காக அயராது பாடுபடுவேன்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. என்ன செய்தீர்கள், என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரம் இருக்கிறது, எது தெரியாது. இந்த நாலும் இருந்தால் போதும். ஒரு மாதிரி:

"ஆறு வருஷமாகப் பள்ளி மாணவர்களோடு வேலை பார்க்கிறேன். மூன்று வருஷமாக நம் சங்கத்தில் உறுப்பினர். போன வருஷம் பயிற்சிக் குழுவில் இருந்து நாலு வகுப்புகளை ஒருங்கிணைத்தேன். இணைச் செயலாளர் பொறுப்புக்குப் போட்டியிடுகிறேன். இரண்டு வேலைகளை முடிப்பேன். ஒன்று, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு மாதம் ஒருமுறை கட்டணமில்லாத குழு சூப்பர்விஷன். இரண்டு, கூட்டத் தீர்மானங்கள் பத்து நாளுக்குள் எல்லா உறுப்பினர்களுக்கும் வந்து சேரும். வாரம் நாலு மணி நேரம் ஒதுக்க முடியும். எனக்குச் சொந்தமாகப் பயிற்சி மையம் இல்லை. நிதி நிர்வாகம் பழக்கமில்லை, கற்றுக்கொள்வேன்."

சொந்த மையம் பற்றிய வரியைக் கவனித்தீர்களா? அப்படி ஒன்று நடத்துபவராக இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. நாளைக்குச் சங்கத்தின் பயிற்சி ஒப்பந்தம் அந்த மையத்துக்கே போனால், கேள்வி வரும். வரவும் வேண்டும்.

ஓட்டு கேட்கலாம், ஆனா...

மற்ற தேர்தல்களுக்கு இல்லாத சில எல்லைகள் இந்தத் தேர்தலுக்கு உண்டு.

• கிளையன்ட்டின் கதையைப் பிரசாரத்தில் சொல்லாதீங்க. பெயர், ஊர் மாற்றினாலும்கூட. தன் வலி யாரோ ஓட்டு வாங்கப் பயன்பட்டது என்று ஒருவருக்குத் தெரிந்தால், அவர் இன்னொரு முறை எந்தக் கவுன்சலரிடமும் வாய் திறக்க மாட்டார்.

• 'எனக்காக ரெண்டு வார்த்தை எழுதிக் கொடுங்க' என்று கிளையன்ட்டிடம் கேட்காதீங்க. உங்களை நம்பி உட்கார்ந்திருப்பவரால் 'முடியாது' என்று சொல்ல முடியாது.

• உங்களிடம் சூப்பர்விஷன் எடுப்பவர்களும் உங்கள் மாணவர்களும் உறுப்பினர்களாக இருக்கலாம். அவர்களின் சான்றிதழ் உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அங்கே நீங்கள் கேட்கும் ஓட்டு வேண்டுகோளாக இருக்காது.

• எதிர்த்து நிற்பவரின் மனநலம், அவர் எடுக்கும் சிகிச்சை பற்றி ஒரு கிசுகிசுகூட வேண்டாம். நாமே அதைச் செய்தால், வெளியில் யாருக்குப் பாடம் எடுப்பது?

ஜெயிச்ச பிறகுதான் பரீட்சை

பொறுப்புக்கு வந்த மூன்றாவது மாதம் ஒரு புகார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'செஷனில் சொன்ன விஷயத்தை என் மாமியாரிடம் சொல்லிட்டாங்க' என்று ஒரு பெண் எழுதியிருக்கிறார். புகார் யார் மேல்? உங்களோடு ஒரே பெஞ்சில் படித்த தோழி மேல்.

'நம்ம பொண்ணுதானே, கூப்பிட்டுப் பேசி முடிச்சிடலாம்' என்பார்கள் சிலர். அங்கேதான் உங்கள் தலைமைக்குப் பரீட்சை. 'எனக்கு அவங்க நெருங்கின தோழி. இந்தப் புகாரை விசாரிக்கும் குழுவில் நான் இருக்க மாட்டேன்' என்று சொல்லி, அதை மினிட்ஸில் பதிவு செய்யச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவருக்கு 'கிடைத்தது, இந்தத் தேதிக்குள் பதில் சொல்வோம்' என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். தோழிக்கும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு வேண்டும். புகார் நிஜம் என்று தெரிந்தால் எச்சரிக்கையா, மறுபயிற்சியா, உறுப்பினர் நீக்கமா என்பதைப் பைலா சொல்லணும். சொல்லவில்லை என்றால், நீங்கள் கொண்டுவர வேண்டிய முதல் திருத்தம் அதுதான்.

பெரிய சங்கங்களுக்கும் இப்படிப்பட்ட பரீட்சைகள் வந்திருக்கின்றன. 2016-ல் அமெரிக்காவின் டென்னஸி மாகாணம், தன் ஆழ்ந்த நம்பிக்கைக்கு ஒத்துவராத கிளையன்ட்டை கவுன்சலர் ஏற்க மறுக்கலாம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. பால்புதுமையினரைத் திருப்பி அனுப்ப இது வழி திறக்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்கன் கவுன்சலிங் அசோசியேஷனின் 2017 மாநாடு அதே மாகாணத்தின் நாஷ்வில் நகரத்தில் நடப்பதாக ஏற்பாடாகியிருந்தது. சங்கம் அதை அங்கிருந்து மாற்றி, சான் பிரான்சிஸ்கோவில் நடத்தியது. முடிவான இடத்தை மாற்றுவது லேசான வேலை இல்லை. ஆனால், 'கதவைத் தட்டுபவரைத் திருப்பி அனுப்பாதே' என்று நெறிமுறையில் எழுதி வைத்துவிட்டு, அந்தச் சட்டம் இருக்கும் ஊரிலேயே மாநாடு நடத்துவதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

தோத்துட்டா?

தோற்றால் குரூப்பிலிருந்து வெளியேறாதீங்க, அது முக்கியம்! ஜெயித்தவருக்கு ஒரு போன் போட்டு, 'நான் சொன்ன சூப்பர்விஷன் விஷயத்தை ஒரு துணைக் குழுவா செய்யலாமா?' என்று கேளுங்க. பெரும்பாலும் 'தாராளமா செய்யுங்க' என்றுதான் பதில் வரும். வேலை செய்ய ஆள் கிடைப்பது எந்தச் சங்கத்துக்கும் கஷ்டம்.

உங்கள் ஊரில் சங்கமே இல்லையா? ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம் என்று மேலே பார்த்தோமே. அதற்கும் முன்னால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாலு கவுன்சலர்கள் கூடி, தடுமாறிய இடங்களை, கிளையன்ட் யார் என்று தெரியாதபடி, பேசிக்கொள்ள ஆரம்பியுங்கள். தொடக்கத்துக்கு அது போதும்.

அடுத்த முறை அந்த மெசேஜ் வரும்போது, கும்பிடு எமோஜி போடும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்க. 'பைலா பிரதி எங்கே கிடைக்கும்?' என்று மட்டும் பதில் போடுங்க. வெள்ளிக்கிழமைக்குள் மனு போடுவதா வேண்டாமா என்பதைப் படித்துவிட்டு முடிவு பண்ணலாம்.